ஒற்றை இறக்கை

முதலில் உள்ளே வந்தது ஒரு துணிப்பை. பையின் வாயில் ஒரு கோழித்தலை. அதற்குப் பின்னால்தான் பையைப் பிடித்திருந்த மனிதர் வந்தார்.

“சாப்பாட்டுக் கடை கீழ்த்தளம் சார். இது துப்பறியும் ஆபீஸ்,” என்றான் விசில்.

வந்தவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக, மற்றவர்களுக்கு இடம் விடுகிறவர் போல ஒதுங்கி நின்றார். அறையில் மற்றவர்கள் என்று யாரும் இல்லை.

“உக்காருங்க ஐயா,” என்றாள் மேடம்.

மேடத்துக்கு நாற்பத்தைந்து வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைத் தோண்டியெடுக்கும் வேலையில் இருந்தவள். வேலையும் கல்யாணமும் ஒரே வருடத்தில் முடிந்துபோக, இந்த ஆபீஸைத் திறந்தாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் இருந்தன. அதுதான் வீடு. உதவியாளன் விசில், முன்னாள் பஸ் கண்டக்டர். ஒரே மகளைக் கண்காணாத தூரத்தில் கட்டிக்கொடுத்த பிறகு விடுமுறை நாளிலும் ஆபீஸுக்கு வந்துவிடுவான். கேட்டால், “இங்க ஃபேன் காத்து நல்லா வருது மேடம்” என்பான். அந்த ஃபேன் பாதி நாள் ஓடாது.

“என் கோழிங்களோட இறக்கையை யாரோ வெட்டுறாங்கம்மா,” என்றார் வந்தவர். ரொம்ப நாளாகப் பேசாத தொண்டை. முதல் வார்த்தையிலேயே சிக்கி, இருமி, மறுபடி தொடங்கினார். “ஒண்ணு மாத்தி ஒண்ணா. இது நாலாவது.”

“போலீஸுக்குப் போனீங்களா?”

“போனேன். தலையை வெட்டினா வந்து சொல்லுங்கன்னு சிரிச்சாங்க.”

“என்ன வேலை பார்த்தீங்க ஐயா?”

“லிஃப்ட் ஓட்டினேன். பெரிய ஆபீஸ் கட்டடத்துல. மேலயா, கீழயான்னு கேக்கிற வேலை. இப்ப ரிட்டயர்டு.”

“நான் முன்னாடியா, பின்னாடியான்னு கேட்டவன் சார்,” என்றான் விசில். “ரெண்டு பேரும் ஒரே லைன்தான்.”

மேடம் கோழியைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, இடது இறக்கையை விசிறி மாதிரி விரித்தாள். ஓரத்தில் இரண்டு நீள இறகுகள் முழுசாக இருந்தன. அதற்கு அடுத்த பெரிய இறகுகள் எல்லாம் பாதியில் வெட்டப்பட்டிருந்தன. நடுவில் ஒரே ஒரு இளம் இறகு மட்டும் தப்பியிருந்தது. அதன் தண்டு நீலம் பாரித்திருந்தது.

வலது இறக்கையை விரித்தாள். அதில் யாரும் கை வைக்கவில்லை.

“பாதி வேலையில ஆளு எழுந்து போயிட்டான் போல,” என்றான் விசில்.

“இல்ல. வேலை முடிஞ்சுதான் போயிருக்காங்க. ரெண்டு பக்கமும் வெட்டினா எடை சமமாயிடும். தட்டுத் தடுமாறியாவது வேலியைத் தாண்டிடும். ஒரு பக்கம் மட்டும் வெட்டினா எழும்பும்போதே சாஞ்சு விழுந்துடும். எங்க வீட்டுல கோழி இருந்திருக்கு, எனக்குத் தெரியும்.” மேடம் அந்த நீலத் தண்டைத் தொட்டுக் காட்டினாள். “இது ரத்தம் ஓடுற இறகு. வெட்டினா வலிக்கும், ரத்தம் நிக்காது. அதை விட்டுட்டாங்க. ஓரத்து ரெண்டையும் விட்டது எதுக்குத் தெரியுமா? இறக்கையை மடக்கினா வெட்டினதே வெளிய தெரியாது. கோழி அழகாவே இருக்கும்.”

“அழகுக்கலை படிச்ச திருடனா?”

“திருடனே இல்ல. கோழி மேல பிரியம் உள்ள ஆளு. ஆனா இதைப் பாரு.” வெட்டு விளிம்புகள் சீராக இல்லை. நசுங்கி, மடிந்து, மென்று துப்பியது போல இருந்தன. “இவ்வளவு தெரிஞ்சவங்க, ஏன் இவ்வளவு அசிங்கமா வெட்டணும்?”

விசில் கோழியின் இறக்கையை மெல்ல மடக்கிவிட்டான். மேடம் எழுந்து செருப்பை மாட்டினாள்.

“வண்டி எடு. அப்புறம்... ஐயா, உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகமா?”

“எனக்கு யாரையும் தெரியாதும்மா,” என்றார் லிஃப்ட்காரர்.

* * *

வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதைக் கொல்லைக்குக் கொண்டுவந்து மேடத்துக்குப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டார். அடுப்படி ஜன்னல் வழியாகத் தெரிந்தது: கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி.

கொல்லையைச் சுற்றி ஆளுயரக் கம்பி வேலி. அதற்கு அப்பால் ஒரு மாடி வீடு. பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்கு மேலே தகரக் கூரை. கூரைக்கு மேலே கம்பி போட்ட ஒரு ஜன்னல். பச்சைத் திரை இழுத்து மூடியிருந்தது.

பையிலிருந்ததையும் இறக்கிவிட, தரையில் ஆறு கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன.

“ஏழு இருந்துச்சு. ஒண்ணை கீரி தூக்கிட்டுப் போச்சுன்னு நினைக்கிறேன்,” என்றார் லிஃப்ட்காரர். “இதுங்க முன்னாடியெல்லாம் வேலி பக்கமே போகாது. என் சம்சாரம் இருந்தவரைக்கும் இங்கயேதான் கிடந்துச்சுங்க. அவ போன பிறகுதான் ஒண்ணொண்ணா தாண்ட ஆரம்பிச்சுது.” காலடிக்கு வந்த ஒரு கோழியின் முதுகைத் தடவினார். “அவ இல்லாத வீட்டுல இருக்கப் பிடிக்கலையாக்கும்னு விட்டுட்டேன்.”

விசில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மேடம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

“அப்படி இல்ல ஐயா. அப்பவும் யாரோ வெட்டி விட்டிருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பழைய இறகு உதிர்ந்து புதுசு முளைக்கும். முளைச்சதும் பறந்துச்சுங்க. அவ்வளவுதான்.”

“வெட்டி விட்டிருந்தாளா? எனக்குத் தெரியாதே.”

“உங்க வீட்டம்மாதான் வெட்டுவாங்களா?”

“அவளா! உயிருள்ளது மேல கத்தரி வைக்க அவளுக்குக் கை வராது. மடியில வச்சுப் பிடிச்சுக்குவா. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து ஏதோ பண்ணிட்டிருப்பாங்க. ரெண்டு பேரும் மணிக்கணக்கா சிரிச்சிட்டிருப்பாங்க. நான் உள்ள பேப்பர் படிச்சிட்டிருப்பேன். என்ன பண்றாங்கன்னு ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்ல.”

மேடத்தின் கண் மூலையில் முடங்கிக் கிடந்த ஒரு சாம்பல் நிறக் கோழிமேல் நின்றது. “அதுக்கு என்ன?”

“அது கிழவி. வயசாயிடுச்சு. புது இறகு முளைக்கிற தெம்பே அதுக்கு இன்னும் வரல.”

மேடம் குந்தி உட்கார்ந்து கிழவியின் இடது இறக்கையை விரித்தாள். ஓரத்தில் இரண்டு இறகு முழுசு. அடுத்ததெல்லாம் பாதியில் வெட்டு. ஆனால் இந்த வெட்டு சுத்தமாக, ஸ்கேல் வைத்து வரைந்த கோடு மாதிரி இருந்தது.

“விசில், அந்த நாலாவது கோழியைக் கொண்டா.”

இரண்டு இறக்கைகளும் பக்கத்தில் பக்கத்தில் விரிந்தன. அதே கணக்கு, அதே அழகு. ஒன்று நேர்த்தி, மற்றது மென்று துப்பியது.

“ஒரே ஆள் மாதிரியும் இருக்கு, வேற ஆள் மாதிரியும் இருக்கே மேடம்.”

“ஒரே மூளை. வேற கை,” என்றாள் மேடம். “நீ வலது கைக்காரன்தானே? கத்தரியை இடது கையில பிடிச்சு எதையாவது வெட்டியிருக்கியா?”

விசில் யோசித்தான். “பேப்பர் வெட்டிப் பார்த்திருக்கேன். வெட்டவே வெட்டாது. ரெண்டு அலகுக்கும் நடுவுல மடிஞ்சு மாட்டிக்கும்.” சொல்லிக்கொண்டே வந்தவன் குரலைத் தாழ்த்தினான். “மேடம், அப்ப தையல்காரம்மாவுக்கு...”

“வலது கை வேலை செய்யல.” மேடம் எழுந்தாள். “ஐயா, அவங்க இப்ப எங்க?”

“அவங்க இங்க இல்லம்மா. தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்களாம். தையல் மெஷின் சத்தம் நின்னு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அவங்க கொழுந்தன் மகன்தான் இப்ப அங்க இருக்கிறது. என்னன்னு ஒரு தடவை கேட்டேன். அதான் சொன்னார்.”

“ஒரு தடவைதானா?”

“அதுக்கு மேல கேட்டா நல்லா இருக்காதுன்னு...” அவர் செருப்பு நுனியைப் பார்த்தார்.

“இறக்கை வெட்டின கோழி வேலி தாண்டி எப்படித் திரும்பி வந்துச்சு?”

“அந்தத் தம்பிதான் தூக்கிப் போடுவார். உன் கோழியைக் கட்டி வைய்யான்னு ஒரு சத்தம் கேக்கும். பொத்துன்னு இந்தப் பக்கம் வந்து விழும்.”

* * *

கதவைத் திறந்தவன் முப்பத்தைந்து வயதுக்காரன். மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை, இன்முகம். விசில் அந்த நொடியே அவனுக்கு ‘இஸ்திரி’ என்று பெயர் வைத்துவிட்டான்.

“பக்கத்து வீட்டுக் கோழி விஷயமா வந்தோம்,” என்றாள் மேடம். “உள்ள வரலாமா?”

“தாராளமா. ஆனா வீடு அலங்கோலமா கிடக்குது, மன்னிக்கணும்.” உள்ளே அட்டைப்பெட்டிகள் கட்டி அடுக்கியிருந்தன. “நாளைக்குக் காலையில வண்டி வருது. வீடு கைமாறுது.”

கூடத்து மூலையில் துணி போர்த்திய தையல் மெஷின். அதன்மேல் ஒரு பெட்டி. மாடிப்படி ஆரம்பத்தில் ஒரு கதவு. கதவில் புதுத் தாழ்ப்பாள்.

“பெரியம்மா இல்லையா?” என்றாள் மேடம், ரொம்ப நாள் பழகியவள் மாதிரி.

“தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க. வயசான காலத்துல கூடப்பிறந்தவங்களோட இருக்கணும்னு ஆசை. நானும் அனுப்பி வச்சுட்டேன்.”

“அப்ப இந்த வீட்டுல நீங்க மட்டும்தான்.”

“நான் மட்டும்தான்.”

“கஷ்டமான நிலைமைதான்,” என்று மேடம் பெருமூச்சு விட்டாள். “அந்தப் பெரியவர் பிடிவாதமா இருக்கார். கோழி உங்க பக்கம் வரும்போது முழுசா வருது, திரும்பிப் போகும்போது வெட்டுப்பட்டுப் போகுதுன்னு சொல்றார். இந்த வீட்டுல யாரோ கத்தரியோட இருக்காங்கன்னு போலீஸை விட்டுத் தேடச் சொல்றார். நீங்க மட்டும்தான்னா, அப்ப வெட்டினது யாரு?”

இஸ்திரியின் முகத்தில் ஒரு நொடி எதுவுமே இல்லை. பிறகு சிரிப்பு திரும்பி வந்தது.

“ஐயோ, அதுக்கா இவ்வளவு? நான்தாங்க வெட்டினேன். தோட்டத்தை எல்லாம் கிளறிப் போட்டுச்சு. கோபத்துல பண்ணிட்டேன். பெரியவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க.”

“எதால வெட்டினீங்க?”

“அடுப்படிக் கத்தரிதான்.”

“அதுங்க துடிக்குமே. ஒரு பக்கம் வெட்டிட்டு விட்டுட்டீங்களா, இல்ல ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்தான்,” என்றான் இஸ்திரி உறுதியாக. “ஒரு பக்கம் மட்டும் வெட்டினா இன்னொரு பக்கத்தை வச்சுப் பறந்துடாதா?”

“பறந்துடும்தான்,” என்றாள் மேடம் மரியாதையாக. “ரொம்ப நன்றி. வர்றோம்.”

வாசல் தாண்டியதும் விசில் வாயைத் திறந்தான். “இல்லாத ஸ்டாப்புல இறங்கிட்டான் மேடம்.”

“பண்ணாத தப்பை ஒருத்தன் ஏன் ஒத்துக்கணும்?”

“பண்ணின ஆளைக் காட்டக் கூடாதுன்னா.”

“காட்டக் கூடாதுன்னு இல்ல. அந்த ஆள் இருக்கிறதே தெரியக் கூடாது,” என்றாள் மேடம். “நாளைக்கு வண்டி வருதாம். இந்தச் சாமானோட அந்தம்மாவையும் ஏத்தி எங்கயோ கொண்டு போய் இறக்கிட்டா, அப்புறம் கண்டுபிடிக்க நம்மால முடியாது.”

* * *

இன்ஸ்பெக்டர் அவளுக்குப் பழைய பழக்கம். ஆனாலும் போனில் அவர் குரல் இளகவில்லை.

“கோழி இறகை வச்சுக்கிட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்ட முடியாதும்மா. உள்ள ஒரு ஆள் இருக்குன்னு எனக்கு எதையாவது காட்டு. அஞ்சே நிமிஷத்துல அங்க நிக்கிறேன்.”

“லைன்லயே இருங்க சார்.”

லிஃப்ட்காரரின் கொல்லையில் மூன்று பேரும் வேலி ஓரமாக நின்றார்கள். மத்தியான வெயில் தகரக் கூரையில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. பச்சைத் திரை அசையவில்லை.

“வெட்டுப்படாத கோழி இன்னும் எத்தனை இருக்கு ஐயா?” என்றாள் மேடம்.

“கருப்பி மட்டும்தான்.”

அவர் காட்டிய சின்னக் கருப்புக் கோழி அவர்கள் காலடியில் நின்று தலையைச் சாய்த்து வேலியைப் பார்த்தது. பிறகு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் எழும்பியது. வேலி உச்சியில் ஒரு கால் வைத்தது. அங்கிருந்து தகரக் கூரைக்கு. கூரையில் தடதடவென்று ஓடி, ஜன்னல் விளிம்புக்குத் தாவியது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே உடம்பை நெருக்கிக்கொண்டு திரைக்குள் புகுந்து மறைந்தது.

“டிக்கெட் எடுக்காமயே உள்ள போயிடுச்சு,” என்றான் விசில். குரலில் வழக்கமான குறும்பு இல்லை.

மேடம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாலு கோழி அங்க போய் வந்திருக்கு விசில். ஒரு தடவை வெட்டிட்டா அந்தக் கோழியால மறுபடி அந்த ஜன்னலுக்கு ஏறவே முடியாது. அந்தம்மாவைப் பார்க்க வர்ற ஒரே ஜீவன் இதுங்கதான். அதுல ஒவ்வொண்ணா செலவழிச்சு அனுப்பியிருக்காங்க. இது வெட்டு இல்ல, கூப்பாடு. இன்னும் ஒரே ஒரு கோழிதான் பாக்கி.”

லிஃப்ட்காரர் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். முதலில் வந்தது வெறும் காற்று. இரண்டாவது முறைதான் சத்தம் வந்தது.

“தையல்காரம்மா!”

இத்தனை வருடமும் மூடிய பெட்டிக்குள் நின்று மெல்லப் பேசியே பழகிய மனிதர். கத்தியது அவருக்கே தூக்கிவாரிப் போட்டது போலிருந்தது. ஆனாலும் விடவில்லை.

“தையல்காரம்மா! நான்தான், பக்கத்து வீட்டுக்காரன்! இருக்கீங்களா?”

எங்கோ ஒரு கதவு அடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. டிங். இரும்பில் இரும்பு படுகிற சத்தம். மறுபடி டிங். அப்புறம் நிறுத்தாமல், தாளம் தப்பி, அவசரம் அவசரமாக, டிங் டிங் டிங்.

ஜன்னல் கம்பியைக் கத்தரி தட்டிக்கொண்டிருந்தது.

மேடம் போனை உயர்த்திப் பிடித்தாள். “சார், கேக்குதா?”

“கேக்குது,” என்றார் இன்ஸ்பெக்டர். பின்னால் ஜீப் கிளம்பும் சத்தம்.

* * *

இஸ்திரி நியாயம் பேசிக்கொண்டே தாழ்ப்பாளைத் திறந்தான். “நான் ஒண்ணும் அடிச்சு வைக்கல சார். மூணு வேளையும் நான்தான் ஊட்டி விட்டேன். பக்கவாதம். பேச்சு போச்சு, வலது பக்கம் போச்சு. நாளைக்கு ஒரு நல்ல இடத்துல சேர்க்கத்தான் ஏற்பாடு பண்ணியிருந்தேன்.”

“டாக்டர் யாரு?” என்றார் இன்ஸ்பெக்டர், மாடியேறி அறைக்குள் நுழைந்தபடி.

இஸ்திரி சட்டைக் கையைச் சரிசெய்தான்.

“வீடு யார் பேர்ல இருக்கு?”

இஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பினான். ஆனால் அந்த அம்மாளின் இடது கட்டைவிரலில் அழிந்தும் அழியாமலும் ஒட்டியிருந்த கைநாட்டு மை, அதைச் சொல்லிவிட்டது. இன்ஸ்பெக்டர் அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கான்ஸ்டபிளைப் பார்த்துத் தலையசைத்தார். இஸ்திரியின் சட்டை முதன்முதலாகக் கசங்கியது.

அறை சின்னது. ஜன்னலை ஒட்டி ஒரு கட்டில். கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாளுக்கு அறுபது வயதுக்குக் கிட்டே இருக்கும். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. செயலிழந்த வலது கையின் இடுக்கில் கருப்பி அடங்கி உட்கார்ந்திருந்தது. இடது கையில் பெரிய தையல் கத்தரி. தரையெங்கும் வெட்டிய இறகுத் துணுக்குகள். யாரும் பெருக்கவில்லை.

எல்லோரையும் தாண்டி அவள் கண் வாசலில் ஒதுங்கி நின்ற லிஃப்ட்காரர்மேல் போய் நின்றது. கத்தரி கை நழுவித் தரையில் விழுந்தது.

* * *

ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் பெண் தினமும் வந்து, வாயைத் திறக்கவும் ஒலி எழுப்பவும் சொல்லிக்கொடுத்தாள். மேடமும் விசிலும் பார்க்கப் போனபோது அந்த அம்மாளுக்கு ஓரிரு வார்த்தைகள் வர ஆரம்பித்திருந்தன.

“கோழிங்க எல்லாம் சௌக்கியம்மா,” என்றான் விசில். “கருப்பி மட்டும் சீட்டு பிடிச்சு உக்காந்தா எழுந்திரிக்கவே மாட்டேங்குது.”

அந்த அம்மாளின் சிரிப்பு ஒரு பக்கமாக வந்தது.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வழக்கு முடிந்த பிறகு அவள் தனக்காகக் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று எப்போதும் இருக்கும். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. நீங்க அந்த இறக்கைகளை வெட்டி விட்டது எங்களைக் கூப்பிடத்தானே?”

அந்த அம்மாள் அவளைப் புரியாதது போலப் பார்த்தாள். பிறகு தலையை மெதுவாக இட வலமாக ஆட்டினாள்.

“இல்லையா? பின்ன எதுக்கு?”

இடது கை எழுந்தது. காற்றில் எதையோ பிடித்து, முறுக்கியது. கழுத்து.

“அவன்,” என்றாள். மூச்சு வாங்கியது. “ஒண்ணை... என் கண்ணு முன்னாடி.”

கீரி தூக்கிப் போனதாக லிஃப்ட்காரர் நினைத்த ஏழாவது கோழி. அந்த ஜன்னலிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள். கத்த வாயில்லாமல், எழ உடம்பில்லாமல் பார்த்திருக்கிறாள். மற்றதுகளும் அவன் கையில் சிக்கக் கூடாதென்றால், அவை வேலி தாண்டக் கூடாது. தாண்டாமல் இருக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. தன்னைத் தேடி வந்த கோழியைச் செத்த கையின் இடுக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வராத கையால் வெட்டி, இனி வராதே என்று அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றாக.

மேடம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். தன் கெட்டிக்காரத்தனம் எல்லாம் சரியான கதவைத்தான் தட்டியிருக்கிறது. ஆனால் உள்ளே இருந்தவள் யாரும் தட்டுவார்கள் என்று நினைக்கவே இல்லை.

“அந்தக் கத்தரியால கம்பியைத் தட்டியிருந்தா முன்னாடியே யாராவது வந்திருப்போமே. ஏன் தட்டல?”

அந்த அம்மாள் வார்த்தையைத் தேடினாள். கோணிய உதடு இரண்டு முறை முயன்று தோற்றது. மூன்றாவது முறை வந்தது.

“யாரு... வருவா?”

அதில் புகார் எதுவும் இல்லை. பதில் தெரியாமல்தான் கேட்டாள்.

விசில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போது வாசலில் நர்ஸின் குரல் கேட்டது. “தினமும் இங்கயே நிக்கிறீங்களே, உங்களுக்கு என்ன வேணும்? பார்க்கிறதா இருந்தா சொந்தக்காரங்க மட்டும்தான் உள்ள போகலாம். இவங்க ரெண்டு பேரும் போலீஸ் சொல்லி வந்தவங்க. நீங்க யாரு?”

மேடம் எட்டிப் பார்த்தாள். தாழ்வாரச் சுவரை ஒட்டி லிஃப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு டப்பா. சவரம் செய்திருந்தார். பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார். எத்தனை நாளாக அந்த இடத்தில் நின்றுவிட்டு உள்ளே வராமலே திரும்பிப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

“நான்... பக்கத்து வீடு,” என்றார்.

“பக்கத்து வீடெல்லாம் சொந்தம் ஆகாதுங்க.”

“ஆகாதுதான்,” என்று அவர் ஒப்புக்கொண்டார். திரும்பி நடக்க ஒரு அடி வைத்தார். வைத்த கால் நின்றது. “இந்தம்மா என் சம்சாரத்தை அக்கான்னுதான் கூப்பிடும். சாகிற வரைக்கும் அவ இதைத் தங்கச்சின்னுதான் சொன்னா. அப்படின்னா நான் இதுக்கு...” அவருக்கு அந்த முறையைச் சொல்ல நா எழவில்லை. சொல்ல உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

நர்ஸ் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். “உண்மையாம்மா? இவர் உங்களுக்கு என்ன வேணும்?”

அந்த அம்மாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. பயிற்சிப் பெண் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளில் இது இல்லை.

“மா... மாமா,” என்றாள்.

நர்ஸ் வழியை விட்டாள். லிஃப்ட்காரர் உள்ளே வந்தார். மேடம் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டாள்.

“உக்காருங்க,” என்றாள்.

அவர் உட்கார்ந்தார்.